கறுப்புக்கு வெளியே ஐந்து துளை

புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாலத்தின் நடுவில் நின்று, மண்மூட்டையை வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றினேன். ஊர்காவற்றுறையிலிருந்து நடக்கத் தொடங்கி எத்தனையாவது தடவை மாற்றினேன் என்று ஞாபகமில்லை. இரண்டு பக்கமும் அலையில்லாத கடல். முழங்காலளவு தண்ணீரில் வலைக்கம்புகள் நின்றன. மத்தியான வெயிலில் றோட்டுத் தார் இளகி, செருப்பில்லாத காலில் ஒட்டியது.

பின்னால் வந்த பஸ் என் பக்கத்தில் நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"மூட்டைக்குள்ளை என்ன?"

"மண்."

"மண்ணோ?"

"ஓம், மண்."

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. "தீவுக்கு மண் கொண்டு போற முதல் ஆள் நீர்தான் காணும். ஆளுக்கு இடமிருக்கு. மண்ணுக்கு இடமில்லை" என்றான் கொண்டக்டர்.

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்றேன்.

பஸ் போய்விட்டது. நான் நடந்தேன். சேர்ட்டுக்குள் வயிற்றோடு ஒட்டியபடி நாலாக மடித்த ஒரு கடதாசி இருந்தது. அந்தக் கடதாசியும் இந்த மண்மூட்டையும்தான் வேலைக்கு நின்ற புரொக்டரிடமிருந்து நான் எடுத்து வந்தவை. இரண்டும் என்னுடையவை. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

ஒரு தோட்டாவின் நியாயம்

பதுளையில் துவக்குத் திருத்தும் கடையில் இரண்டு வருடம் கிடந்தவன் நான். அந்தக் கடை மூடியதும் வடக்கே வந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஊர்காவற்றுறையில் ஒரு புரொக்டர் துவக்குப் பைத்தியம் என்று கேள்விப்பட்டுப் போய் அவர் வீட்டுப் படலையைத் தட்டினேன். அன்றே வேலை தந்தார்.

சிவில் வழக்குகளில் அவர் பெரிய ஆள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கடற்கரைக்கு வருவார். அங்கே சுண்ணாம்புக் கல்லை மலைபோலக் குவித்து வைத்திருந்த ஒரு வெறுங்காணி இருந்தது. அந்தக் கல்மலைக்கு முன்னால் பலகை நட்டு, பலகையில் கடதாசி ஒட்டி, ஐம்பது யார் தூரம் தள்ளி ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் மேசையும் வாங்கும் போட்டிருந்தோம். வாங்கில் இருந்து, மேசையில் மண்மூட்டை வைத்து, அதன்மேல் துவக்கைக் கிடத்திச் சுடுவார்கள். ஆளுக்கு ஐந்து வெடி. முன்னோட்ட வெடி கிடையாது. கறுப்பு வட்டத்துக்குள் ஆருக்குக் கூட விழுகிறதோ அவர் வென்றவர்.

வருகிறவர்கள் நாலு பேர். புரொக்டர், காணி அளக்கிற ஒரு சேவெயர், ஒரு தபால் மாஸ்டர், மலாயாவில் றெயில்வேயில் இருந்து பென்சன் வாங்கி வந்த அம்பலவாணர். ஐந்தாறு வருடமாக அம்பலவாணரே வென்றுகொண்டிருந்தார். புரொக்டருக்கு அது வழக்கில் தோற்பதை விடப் பெரிய நோவு.

புரொக்டரின் துவக்கு ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. ஒற்றை வெடி றைபிள். கீழே உள்ள கைப்பிடியை இறக்கினால் பின்வாய் திறக்கும். ஒரு தோட்டா வைத்து மூடலாம், அவ்வளவுதான். அடுத்த வெடிக்கு எல்லாம் முதலிலிருந்து.

எனக்கு அந்தச் சாமானை நிரம்பப் பிடிக்கும். பல தோட்டாத் துவக்கில் முதல் வெடி பிழைத்தால் அடுத்தது இருக்கிறது என்று மனம் சொல்லும். ஒற்றை வெடியில் அப்படிச் சொல்லிக்கொள்ள இடமில்லை. மேசையில் வைத்துச் சுடும்போது அது கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே பெட்டித் தோட்டா. மூட்டையில் ஒரே இடம். தோளில் ஒரே இறுக்கம். நான் குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையின் அடியில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தேன். அந்தக் கோடு மூட்டையின் முன் தையலுக்கு நேரே வரவேண்டும், அரை விரல் முன்னே பின்னே போகக்கூடாது. குழலை மூட்டையில் வைக்கவே கூடாது, கட்டையைத்தான் வைக்க வேண்டும். வெயில் குழலில் விழாதபடி கிடுகை இறக்கிக் கட்டுவேன். காற்றுப் பார்க்கப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சாரத் துண்டு.

மூட்டையும் நான் தைத்ததுதான். மாட்டுத்தோல். உள்ளே மூன்று தரம் அரித்துக் காயவைத்த மணல். நடுவில் பள்ளமும் இரண்டு பக்கமும் காதுபோல எழும்பலும். அது பழகிப் படிய நாலு மாதம் எடுத்தது. பஸ்ஸில் சிரித்தவர்களுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்ல?

சந்தனம்

இவ்வளவும் செய்தும் புரொக்டரின் துவக்கு அலைந்தது. முதல் இரண்டு வெடி நல்லாய்ப் போகும். மூன்றாவது வலப்பக்கம் ஏறும். நாலாவது இன்னும் ஏறும். ஐந்தாவது எங்கே என்று தேட வேண்டும். காற்று என்பார், தோட்டா என்பார், கடைசியில் என் மூட்டை என்பார்.

"உன்ரை மூட்டை ஆடுதடா."

"மூட்டை ஆடேல்லை ஐயா."

"அப்ப நான் ஆடுறனோ?"

மூட்டையைத் திரும்பப் படிய வைத்தேன். ஏனென்றால் அவர் எனக்கு ஒரு வாக்குத் தந்திருந்தார். துவக்குத் திருத்தும் லைசென்ஸுக்கு நான் விண்ணப்பிக்கும்போது மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குத் தன் கையெழுத்தோடு ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். என்னைப்போல ஊர் பேர் இல்லாதவனுக்குப் பெரிய மனிதர் ஒருவரின் கடிதம் இல்லாமல் அந்த லைசென்ஸ் கிடைக்காது. லைசென்ஸ் கிடைத்தால் நாடெங்கும் அலைய வேண்டாம், எனக்கென்று ஒரு கடை போடலாம். என் வாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே திட்டம் அது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போட்டி. முன்கட்டைக்கும் குழலுக்கும் இடையில் ஒரு கொப்பிக் கடதாசியைச் செருகிப் பார்த்தேன். பதுளையில் செய்கிற சோதனை இது. கடதாசி நுனியிலிருந்து அடிவரை தடங்காமல் ஓட வேண்டும். கட்டை குழலைத் தொட்டால், சுடுகிறவர் கட்டையை அமத்தும்போது குழலும் சேர்ந்து நெளியும். கடதாசி ஓடவில்லை. இடப்பக்கம் நுனியில் ஏதோ தடுத்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடுக்கு முழுக்க மஞ்சளாக இறுகிக் கிடந்தது. மெழுகு என்று நினைத்தேன். மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

நவராத்திரி முடிவில் ஆயுத பூசைக்கு நயினாதீவிலிருந்து ஒரு ஐயர் வந்து வீட்டிலுள்ள கத்தி, கோடரி, தையல் மெசின், கார், துவக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார். வருடா வருடம் வைத்த சந்தனம். பூசைச் சந்தனம் என்பதால் ஒருவரும் சுரண்டியதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து, உப்புக்காற்றுப் பட்டு, கல்லாக இறுகி, குழலை வலப்பக்கம் நெம்பிக்கொண்டிருந்தது. முதல் வெடிகளில் புரொக்டரின் கை இளக்கமாக இருக்கும். பதற்றம் ஏற ஏறக் கட்டையை அமத்துவார். அமத்த அமத்தச் சந்தனம் குழலைத் தள்ளும்.

கேட்டால் சுரண்ட விடமாட்டார் என்று தெரியும். கேட்கவில்லை. குழலில் கீறு விழாதபடி பனம் ஈர்க்கைச் சீவி, ஒரு மணித்தியாலம் இருந்து தூள்தூளாகச் சுரண்டி எடுத்தேன். தூளை ஒரு வெற்றிலையில் சேர்த்துச் செவ்வரத்தை மரத்தின் அடியில் போட்டேன். கடதாசி ஓடியது.

ஒன்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சந்தனம் நெம்பிய நிலையில்தான் அந்தத் துவக்கின் பார்வைக்குறியைத் திருப்பி வைத்திருந்தார்கள். நெம்பல் போனால் வெடி வேறிடத்தில் விழும். ஒரு வெடி வைத்துப் பார்த்துக் குறியைத் திருத்த வேண்டும். தோட்டாக்களோ அவருடைய அலுமாரிக்குள். திறப்பு அவர் மடியில். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அது என் பிழை. அதை மறைக்க மாட்டேன்.

ஐந்தும் ஒரே இடத்தில்

அன்று புரொக்டர்தான் கடைசியாகச் சுட்டார். ஐந்து வெடி. சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு நான் பலகையடிக்குப் போனேன்.

கறுப்பு வட்டம் அப்படியே கிடந்தது, ஒரு கீறுகூட இல்லை. அதற்கு வெளியே, இடப்பக்கம் கொஞ்சம் கீழே, கடதாசி ஒரு இடத்தில் பிய்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றை ஒன்று கடித்தபடி ஐந்து துளை. ஒரு ஐம்பது சத நாணயக் குத்தியை வைத்தால் மூடிவிடும். அப்படி ஒரு கூட்டத்தை நான் பதுளையிலும் கண்டதில்லை. கடதாசியைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தேன். பாராட்டுவார்கள் என்று நினைத்த முட்டாள் நான்.

கடதாசியை முதலில் வாங்கியது சேவெயர். "புரொக்டர், ஒரு வெடிதான் வைச்சனீங்களோ? மற்ற நாலும் அனலைதீவுக்குப் போட்டுதோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லை ஐயா, அஞ்சும் இதுக்குள்ளைதான் இருக்கு" என்றேன்.

புரொக்டர் கடதாசியைப் பறித்தார். "ஒண்டுகூடக் கறுப்பிலை இல்லை. டேய், என்ரை துவக்குக்கு என்ன செய்தனி?"

"இடுக்கிலை இருந்த சந்தனத்தைச் சுரண்டினனான்."

சிரிப்பு நின்றது. தபால் மாஸ்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூசைச் சந்தனத்தையோ?"

"ஓம் ஐயா. அதுதான் குழலைத் தள்ளினது. இனிக் குறியைக் கொஞ்சம் திருப்பினால் அஞ்சும் நடுவிலை விழும்."

"எனக்குப் படிப்பிக்க வாறியோ? ஆறாம் வகுப்பு!"

"ஆறாம் வகுப்புத்தான். துளை எண்ணத் தெரியும்."

இதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று பிறகு பலர் எனக்குச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்பலவாணர் புரொக்டரின் கையிலிருந்து கடதாசியை வாங்கினார். அதை மேசையில் விரித்து, சேர்ட்டுப் பையிலிருந்து ஒரு குத்தியை எடுத்துத் துளைகளின்மேல் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"மன்னிப்புக் கேள்" என்றார் புரொக்டர்.

"சொல்லாமல் செய்ததுக்குக் கேக்கிறன். சுரண்டினதுக்குக் கேக்க ஏலாது."

"அப்ப நட. நீ துவக்கைக் கெடுத்தவன் எண்டு யாழ்ப்பாணம் முழுக்கச் சொல்லுவன். இனி ஒருத்தன் உன்ரை கையிலை துவக்குத் தரமாட்டான்."

மேசையில் கிடந்த கடதாசியை எடுத்து மடித்தேன். மூட்டையை எடுத்துத் தோளில் வைத்தேன். நடந்தேன்.

குறிகட்டுவானில்

பாலத்தைத் தாண்டி, இறுப்பிட்டியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கடதாசியை விரித்துக் காட்டினேன். அன்று எனக்கு ஆருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை தம்பி, பழகப் பழக நடுவிலை வரும்" என்று ஆறுதல் சொன்னார். கடதாசியை மடித்துத் திரும்பச் சேர்ட்டுக்குள் வைத்தேன்.

பொழுது சாயும் நேரம் குறிகட்டுவான் துறைக்கு வந்தேன். அதற்கு மேல் நடக்க நிலமில்லை. நயினாதீவு வள்ளத்துக்குச் சிலர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், குடையும் துணிப்பையுமாக, சந்தனம் வைக்க வருகிற அதே ஐயர். என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"புரொக்டர் வீட்டுப் பொடியனெல்லோ? எங்கை, மூட்டையோடை?"

நான் அன்று ஒருவருக்கும் பணிகிற மனநிலையில் இல்லை. "நீங்கள் துவக்குக்கு வைச்ச சந்தனத்தைச் சுரண்டிப்போட்டன் ஐயா. அதுக்குக் கலைச்சுப்போட்டினம்" என்றேன். வேண்டியதைச் சொல்லட்டும் என்று நின்றேன்.

ஐயர் யோசித்தார். "நான் வைக்கிறது பிடியிலை ஒரு பொட்டெல்லோ?"

"முன்னுக்கு, இடுக்கிலை."

"அது நானில்லை. அது உம்மடை புரொக்டர் ஐயாதான். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' எண்டு என்ரை கிண்ணத்திலை இருந்து வழிச்சு அங்கை அடைவார். அம்பலவாணரை வெல்லவேணும் எண்டு நேர்த்தி." அவர் சிரித்தார். "காய்ஞ்ச சந்தனத்தைச் சுரண்டினால் என்ன? தேர் அச்சுக்கும் நாங்கள் வைக்கிறம். சுரண்டித் துடைச்சுப்போட்டுத்தான் இழுக்கிறம்."

வெல்வதற்கென்று வருடா வருடம் தன் கையாலேயே தோல்வியை அடைந்து வைத்திருக்கிறார் மனிதர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அம்பலவாணரின் பழைய கார் துறைமுகத்தில் வந்து நின்றது. இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"நீர் இந்தப் பக்கம் போறதெண்டு பஸ்காரர் சொன்னவை. நடந்தே வந்தனீரோ?"

"மண்ணுக்குப் பஸ்ஸிலை இடமில்லையாம்."

அவர் சிரிக்கவில்லை. "நீர் போன பிறகு நான் குறியைத் திருப்பினனான். புரொக்டர் திரும்ப அஞ்சு வெடி வைச்சவர். அஞ்சும் நடுவிலை. இனி நான் அந்தத் துவக்கை வெல்லேலாது காணும்."

"அவர் என்ன சொன்னவர்?"

"கை படிஞ்சிட்டுதாம்."

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு நீளக் கடித உறையை எடுத்தார். கச்சேரிக்கு எழுதிய கடிதம். டைப் அடித்து, கையெழுத்தும் போட்டிருந்தது. உறை ஒட்டப்படவில்லை, நான் படித்தேன். 'நேர்மையானவர், கைத்திறன் உள்ளவர்' என்று இருந்தது.

"நான்தான் கேட்டு வாங்கினனான். வாற ஞாயிறு வந்து, அதே நாலு பேருக்கு முன்னாலை, சந்தனத்தைச் சுரண்டினது பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். அவ்வளவுதான் அவர் கேக்கிறது. சொன்னால் கடிதம் உம்மடை."

ஐயர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். அவருக்கும் காது இங்கேதான்.

"அவர் அதே நாலு பேருக்கு முன்னாலை, அந்த அஞ்சு துளையும் சரி எண்டு சொல்லுவாரோ?"

"அது அவர் சொல்லமாட்டார்."

"அப்ப இப்பிடிச் செய்யச் சொல்லுங்கோ. சந்தனத்தைப் பழையபடி இடுக்கிலை அடையட்டும். அடைஞ்சுபோட்டுச் சுடட்டும். நல்லாய்ப் பட்டால் நான் இஞ்சையிருந்து நடந்தே வந்து மன்னிப்புக் கேக்கிறன்."

"அடையமாட்டார். அடைஞ்சால் தோத்துப்போவார்."

"அப்ப அவருக்கும் தெரியும்" என்றேன்.

அம்பலவாணர் தலையாட்டினார். "காலமை நானும் வாய் திறக்கேல்லை. அது எனக்குச் சரியில்லை" என்றார். "கடிதத்தை யோசியும். இதை விட்டால் வேறை ஆளில்லை."

வேறு ஆள் இல்லை என்பது உண்மைதான். பிறகு பல வருடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடை போடவும் இல்லை, துவக்குத் திருத்தவும் இல்லை. ஆனாலும் அந்த உறையைத் திரும்ப அவர் கையில் வைத்தபோது என் கை ஆடவில்லை. மூட்டையில் கிடத்திய துவக்குப்போல இருந்தது.

சவிரி அண்ணையின் வள்ளம்

அன்று துறையடி மடத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். தலைக்கும் அது நன்றாகப் படிந்தது.

விடிந்ததும் கரையில் ஒரு சத்தம். நெடுந்தீவைச் சேர்ந்த சவிரி என்ற ஒருவர், வள்ளத்தைக் கரையேற்றி இரண்டு பக்கமும் கல் அண்டை கொடுத்து, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அமத்திச் சுரண்ட வள்ளம் மற்றப் பக்கம் ஆடியது. அவர் வள்ளத்தை ஏசினார், பிறகு கல்லை ஏசினார்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

"அந்தக் கல்லை எடுங்கோ அண்ணை."

"எடுத்தால் சரிஞ்சு போகும். நீர் ஆர்?"

பதில் சொல்லாமல் மூட்டையைக் கொண்டுபோய் அடிமரத்தின் கீழே செருகினேன். பள்ளம் சரியாக மரத்துக்கு வரும்வரை இரண்டு காதையும் முட்டியால் குத்திப் படிய வைத்தேன். கற்களைக் கொஞ்சம் தள்ளி, பலகையில் படாமல் விரல் நுழையும் அளவு இடம் விட்டேன். சவிரி அண்ணை தோளைக் கொடுத்து வள்ளத்தைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"உதுக்குள்ளை என்ன?"

"மண்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து மூட்டையின் தையலைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வேலை செய்தனீர்?"

"துவக்கு வேலை. சுரண்டக் கூடாததைச் சுரண்டினன் எண்டு கலைச்சுப்போட்டினம்."

சவிரி அண்ணை என்னைப் பார்த்தார். அடிப்பலகை முழுக்க வெள்ளையாகக் கிடந்த சிப்பியைப் பார்த்தார். கையிலிருந்த இரும்பு அலகை என்னிடம் நீட்டினார்.

"இஞ்சை ஆரையும் கேக்கத் தேவையில்லை. முழுக்கச் சுரண்டும்."

வள்ளத்தின் முன் அணியத்திலிருந்து தொடங்கினேன்.